மாடிப்படி ஓரத்து முதல் வரிசை

ஆகஸ்ட் 18, ஞாயிறு

தென்னை நார்த்தூள் கட்டிகள் வந்து இறங்கிவிட்டன. ஒவ்வொன்றும் தலையணை அளவு. தண்ணீரில் போட்டால் ஒன்று ஐந்தாக ஊதும் என்கிறார்கள். டெம்போவிலிருந்து இறக்குவதை என் வீட்டுக்காரர் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"மண்ணே இல்லாம வெவசாயமா? உடுமலையில மண்ணுக்கா பஞ்சம்?"

"மொட்டை மாடிக்கு மண்ணை ஏத்துனா கூரை யாரு தலையில வந்து உக்காருமுங்க?" என்றேன். அவர் செய்தித்தாளைத் தேடிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

திட்டம் இதுதான். நிழல்வலைக்குக் கீழே நாலு வரிசை வெள்ளைப் பைகள், பை நிறைய நார்த்தூள், பைக்கு ஒரு குடைமிளகாய்ச் செடி, சிவப்பும் மஞ்சளுமாக. என்னிடம் படித்த பையன் ஒருவனின் அண்ணன் ரபீக் கோயம்புத்தூரில் ஓட்டல் நடத்துகிறார். முதல் பறிப்பு நன்றாக இருந்தால் வாராவாரம் எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார். அது நடக்காவிட்டால், தை பிறந்ததும் மாடியில் ஷீட் போட்டு இரண்டு அறை கட்டி வாடகைக்கு விட்டுவிடலாம் என்று இவர் சொல்லியாயிற்று. நானும் தலையாட்டியாயிற்று.

பள்ளிக்கூடத்தை விட்டது நானாகத்தான். பதினெட்டு வருடம் வேதியியல் நடத்தியது போதும் என்று தோன்றியது. பின்னால் எனக்கே சந்தேகம் வராமல் இருக்க எழுதி வைக்கிறேன்.

ஆகஸ்ட் 20, செவ்வாய்

காலையிலிருந்து நார்த்தூளை அலசிக்கொண்டிருக்கிறேன். நார் ஊறும்போது தென்னையின் உப்பெல்லாம் அதில் தங்கிவிடுமாம். டீத்தண்ணீர் நிறத்தில் வடிந்தது. நிறம் வெளுக்கும் வரை அலசி, கால்சியம் நைட்ரேட் உப்பைக் கரைத்து ஊற்றி ஊற வைத்திருக்கிறேன். நாளை இன்னொரு அலசல். இடுப்பு விட்டுப்போயிற்று.

நங்கையா பாதிப் படி ஏறி வந்து எட்டிப் பார்த்தார். இவருடைய அக்கா சாந்தாமணி. எங்கள் பக்கத்தில் நாத்தனாரை நங்கையா என்றுதான் கூப்பிடுவோம். சித்திரையில் அவர் கணவர் தவறிப்போனார். ஒரு வாரம் இருந்துவிட்டுப் போவதாக வந்தவர். சமையலறை இப்போது அவர் கையில் இருக்கிறது. உப்பு ஜாடியை நான் தேடி எடுக்க வேண்டியிருக்கிறது.

"துணிகூட இத்தன தடவ அலசமாட்டாங்களே அம்மிணி" என்றார்.

குறையா, வேடிக்கையா என்று அவர் குரலை வைத்துச் சொல்லிவிட முடியாது. பத்து வருடமாக அதே குரல்தான்.

செப்டம்பர் 1, ஞாயிறு

நாற்று நட்டு ஒரு வாரம். இன்று முதல் உரம், முதல் முட்டாள்தனம்.

எங்கள் போர்வெல் தண்ணீர் சப்பைத் தண்ணீர். சோப்பு நுரைக்காது, பருப்பு வேகாது. அதன் பி.எச் 8.1. ஏழுக்கு மேலே போனால் காரம், கீழே வந்தால் அமிலம் என்று ஒன்பதாம் வகுப்புக்கு எத்தனை தடவை சொல்லியிருப்பேன். நார்த்தூளில் வளரும் செடிக்கு ஆறை ஒட்டி இருக்க வேண்டும். அதனால் பெரிய கெட்டிக்காரியாட்டம் முதலில் சொட்டுச் சொட்டாக பாஸ்பாரிக் அமிலம் விட்டு 6.0 கொண்டுவந்தேன். பிறகு 19:19:19 உரத்தூளைக் கரைத்தேன். பேனா மீட்டரை மறுபடி விட்டால் 5.2. உரத்தூளுக்கே கொஞ்சம் புளிப்பு உண்டு என்பதை மறந்துபோனேன்.

தூள் முதலில், கலக்கல், காத்திருத்தல், அளத்தல், கடைசியாக அமிலம். இனி இதுதான் வரிசை. கால்சியம் நைட்ரேட்டை 19:19:19 கூடச் சேர்க்கவே கூடாது, வேறு நாளில் தனியாக. சேர்த்தால் மோர் மாதிரித் திரிந்து அடியில் தங்கிவிடும். அதையும் செய்து பார்த்துவிட்டேன் என்பதை இங்கே மட்டும் சொல்லிக்கொள்கிறேன்.

செப்டம்பர் 12, வியாழன்

பையின் அடியில் வடியும் தண்ணீர் எல்லா வரிசையிலும் 6.1, 6.2. இலைகள் எண்ணெய் தடவியதுபோல மின்னுகின்றன. கவையில் வந்த முதல் பூவைக் கிள்ளிப் போட்டேன். அப்போதுதான் செடி உடம்பு பிடிக்கும். கை வரவில்லை, ஆனாலும் கிள்ளினேன்.

பக்கத்து வீட்டு வள்ளியம்மா துணி எடுக்க வந்தவர் அவர் மாடிச் சுவரில் சாய்ந்து நின்று, "அடேங்கப்பா! என்னா செழிப்பு, என்னா செழிப்பு! ஊருல ஒருத்தர் ஊட்லயும் இப்படிப் பாக்கல" என்று நீட்டிக்கொண்டே போனார். எனக்கு உச்சி குளிர்ந்தது. நங்கையா வடாம் காயவைத்துக்கொண்டிருந்தார். முகம் சுண்டிப்போய் கீழே இறங்கிவிட்டார். என் செடி நன்றாக இருந்தால் இவருக்கு என்ன வருத்தமோ.

செப்டம்பர் 17, செவ்வாய்

கடைக்குக் கிளம்பும்போது நங்கையா வெற்றிலையும் ஒரு டப்பா சுண்ணாம்பும் வாங்கி வரச் சொன்னார். வெற்றிலைப் பழக்கம் உண்டென்று எனக்குத் தெரியாது.

செப்டம்பர் 29, ஞாயிறு

மாடிப்படி ஓரத்து முதல் வரிசையில் குருத்து இலைகள் வெளுக்கின்றன. நரம்பு மட்டும் பச்சை, நடுவெல்லாம் மஞ்சள். மற்ற மூன்று வரிசைகளும் ஜம்மென்று இருக்கின்றன. அதே நார்த்தூள், அதே தண்ணீர், அதே உரம், அதே வாளி.

அக்டோபர் 2, புதன்

முதல் வரிசையின் வடிநீர் 7.6. இரண்டாம் வரிசை 6.2.

காரம் ஏறினால் இரும்புச் சத்து பையில் இருந்தும் செடியால் எடுக்க முடியாது. கண்ணெதிரே சோறு, வாயைக் கட்டிவிட்ட கதை. அது புரிகிறது. காரம் எங்கிருந்து வந்தது என்பதுதான் புரியவில்லை.

அக்டோபர் 6, ஞாயிறு

மீட்டர்மேல் சந்தேகப்பட்டு, அளவு சரிபார்க்கும் தூள் பொட்டலம் வாங்கிக் கரைத்து விட்டுப் பார்த்தேன். மீட்டர்மேல் பழியில்லை. அப்படியானால் தண்ணீர்தான் ஏறியிருக்க வேண்டும் என்று எல்லா வரிசைக்கும் அமிலத்தைக் கூட்டிவிட்டேன்.

இவர் சாப்பிடும்போது மெதுவாக, "ஷீட் போடறவன ஒருக்கா வந்து அளவு எடுத்துட்டுப் போகச் சொல்லட்டுமா? சும்மா, அளவுதான்" என்றார்.

"தை வரைக்கும்னு பேச்சு" என்றேன். நங்கையா என் தட்டில் இன்னும் ஒரு கரண்டி ரசம் ஊற்றினார். நான் கேட்கவில்லை.

அக்டோபர் 11, வெள்ளி

ஆயுத பூஜை. பி.எச் மீட்டருக்கும் உரத் தராசுக்கும் சந்தனம், குங்குமம் வைத்தேன். இவர் பைக்கைக் கழுவி மாலை போட்டார். ஆரத்தி எடுக்க வள்ளியம்மாவைக் கூப்பிட்டோம். நான் தட்டு பிடிக்கத் தெரிந்த ஆளில்லை. என் கல்யாணத்திலேயே எனக்கு இடம் வலம் தெரியாமல் ஊரே சிரித்தது.

பூஜை முடியும் வரை நங்கையா சமையலறையை விட்டு வரவில்லை. போன வருடம் இதே நாளில் இங்கே வந்திருந்தார். அன்றைக்கு ஆரத்தி எடுத்தது அவர்தான். சுற்றும்போது தட்டில் ஒரு சொட்டுகூடத் தளும்பவில்லை, அது நினைவிருக்கிறது. சுண்டலுக்கு உப்பு பார்க்கச் சொல்லி உள்ளிருந்தே குரல் கொடுத்தார்.

அக்டோபர் 15, செவ்வாய்

என் மருத்துவத்தின் பலன்: நன்றாக இருந்த மூன்று வரிசைகளிலும் வடிநீர் 4.9க்குப் போய்விட்டது. இலை நுனி கருகுகிறது. முதல் வரிசை மட்டும் 7.4ல் அசையாமல் உட்கார்ந்திருக்கிறது. நோயாளிக்குக் கொடுக்க வேண்டிய மருந்தை வீட்டில் எல்லோருக்கும் ஊட்டியிருக்கிறேன். வகுப்பில் ஒரு பிள்ளை இப்படிச் செய்திருந்தால் பெஞ்சு மேலே ஏற்றியிருப்பேன்.

நவம்பர் பத்தாம் தேதி ரபீக் செடி பார்க்க வருகிறார்.

அக்டோபர் 23, புதன்

மூன்று வரிசைகளையும் மெதுவாக 5.8க்கு ஏற்றிவிட்டேன். முதல் வரிசையில் பூக்கள் உதிர்கின்றன.

இன்று காலை குனிந்து பார்த்தபோது முதல் வரிசைப் பைகளின் வெள்ளை விளிம்பில் சிவப்பாகக் கறை. தரையிலும் சொட்டுச் சொட்டாக. வெற்றிலை எச்சில்! கொதித்துப் போய்க் கீழே இறங்கினேன்.

"நங்கையா, வெத்தல போடறது உங்க இஷ்டமுங்க. அத என்ற செடியிலயா துப்போணும்? வாஷ்பேசின் இல்லையா, வாசல் இல்லையா?"

அவர் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். என்னை நிமிர்ந்து பார்த்தார். பிறகு, "இனி ஒசக்க மாடிக்கு வர்லீங் அம்மிணி" என்றார்.

என்னைவிடப் பத்து வயது பெரியவர், என்னிடம் மரியாதைக்கு 'ங்' போட்டுப் பேசினார். அது அப்போது உறைக்கவில்லை. இப்போது எழுதும்போது உறைக்கிறது.

அக்டோபர் 24, வியாழன்

குக்கர் மட்டும் விசில் அடித்தது.

அக்டோபர் 27, ஞாயிறு

நிதானமாக எழுதப் பார்க்கிறேன்.

முதல் வரிசைக்குத் தனியாக வாளி கலக்கும்போது அமிலச் சொட்டு இரண்டு தரையில் சிந்திவிட்டது. காய்ந்துபோன சிவப்புக் கறையின் மேல். துடைக்கக் குனிந்தால், சிவப்பு இல்லை. மஞ்சள். நல்ல பளீர் மஞ்சள்.

வெற்றிலை எச்சில் அமிலம் பட்டால் மஞ்சளாகாது. சுண்ணாம்பில் சிவந்த மஞ்சள்தூள்தான் அமிலத்தில் திரும்பவும் மஞ்சளாகும். தாளில் மஞ்சளைத் தடவி, சோப்புத் தண்ணீர் விட்டுச் சிவக்க வைத்து, எலுமிச்சை பிழிந்து மஞ்சளாக்கி, பிள்ளைகள் கைதட்ட நான் தலைநிமிர்ந்து நிற்பேன். பதினெட்டு வருடம் அதைச் செய்தவள் ஒன்றரை மாதமாக அதன் மேலேயே நடந்திருக்கிறேன்.

மஞ்சளும் சுண்ணாம்பும் கலந்த தண்ணீர் ஒரு வீட்டில் எதற்கு?

ஆரத்திக்கு.

அக்டோபர் 29, செவ்வாய்

இரண்டு நாள் ஒத்திகை பார்த்தேன். மதியம் சமையலறையில் போய் அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன்.

"நங்கையா, நான் அன்னிக்கு பேசுனது தப்புங்க. நீங்க வெத்தலயே போடறதில்ல. செடிக்கு ஆரத்தி எடுத்தீங்களா?"

அவர் கை முறத்தில் நின்றுவிட்டது.

"வள்ளியம்மா பாத்த பார்வய நீ கவனிக்கல. அந்தக் கண்ணு செடி மேல பட்டுரும்னு தோணுச்சு. இந்தச் செடிய நம்பித்தான நீ காலைல எந்திரிக்கற. அதான் செவ்வாக்கெழமயானா சுத்திப் போட்டேன். உன்றகிட்ட சொன்னா, படிச்சவ, சிரிப்பே."

"தண்ணிய ஏனுங்க பையில ஊத்துனீங்க? வாசல்லதான ஊத்துவாங்க?"

அரிசியில் கல் தேடுவதுபோல அவர் விரல் ஓடியது.

"வாசல்ல ஊத்துனா வீதியே பாக்குமே அம்மிணி. தாலி எறக்குனவ ஆரத்தித் தட்டோட வந்து நிக்கறான்னு உனக்கும் தம்பிக்கும்தான் பேரு கெடும். அங்க, அவிக ஊட்லயும் அப்படித்தான். ஒரு வளைகாப்பு வந்துச்சு. நீ கொஞ்ச நாளு தம்பி ஊட்ல இருந்துட்டு வான்னாங்க. செடிக்கு என்ன தெரியும், யாரு சுத்தறாங்கன்னு? படியோரமா இருந்துச்சு, எனக்கு முட்டி வலி, அதுலயே ஊத்திட்டேன்."

பிறகு குரல் இறங்கிவிட்டது. "அந்த வரிசதான் வெளுத்துப் போச்சாமே. தம்பி சொன்னான். என்ற கை பட்டுத்தானே?"

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. நான் ஏசியதற்காக மட்டும் அவர் மாடிக்கு வராமல் இல்லை. தன் கை ஆகாத கை என்று இந்த ஆறு நாளும் உட்கார்ந்து நம்பியிருக்கிறார். எனக்கு அழுகை வந்தது. அழுதேன்.

"உங்க கையில்லீங்க நங்கையா. சுண்ணாம்பு. வள்ளியம்மா பட்டுச்சேல கட்டிட்டு வந்து ஊத்தியிருந்தாலும் வெளுத்திருக்கும். நான் ஊத்தியிருந்தாலும் வெளுத்திருக்கும்."

அவர் நம்பவில்லை, முகத்தில் தெரிந்தது. ஒரு கிண்ணத்தில் மஞ்சளும் சுண்ணாம்பும் கரைத்தேன், சிவந்தது. எலுமிச்சம்பழத்தை அவர் கையில் கொடுத்துப் பிழியச் சொன்னேன். மஞ்சளானது. பார்த்துக்கொண்டே இருந்தார்.

"இன்னொருக்கா பண்ணு" என்றார்.

ஐந்து மணிக்கு வெயில் தாழ்ந்ததும் இருவரும் மாடிக்குப் போனோம். உரத்தைக் குறைவாகக் கரைத்து, அமிலம் விட்டு 5.8 வைத்துக் கொடுத்தேன். முதல் வரிசைக்கு முழுக்க அவர்தான் ஊற்றினார். பையின் அடியில் ஒழுகி ஓடும் வரை ஊற்றவேண்டும், சுண்ணாம்பு கரைந்து வெளியேற வேண்டும். நான் செம்பைத் தொடவே இல்லை. "ஒரு கை நீயும் போடு" என்று இரண்டு தடவை சொன்னார். மாட்டேன் என்றுவிட்டேன்.

அக்டோபர் 31, வியாழன்

தீபாவளி. மருந்து லேகியம் அவர் கிண்டினார், நான் கிளறுகிறேன் என்று போய் அடிபிடிக்க வைத்தேன். முதல் வரிசை 6.9. அதற்கும் அவர்தான் ஊற்றினார்.

நவம்பர் 5, செவ்வாய்

காலையில் எனக்கு முன்னால் நங்கையா மாடியில் நின்றிருந்தார். "வா, வா, இங்க பாரு" என்று கையைப் பிடித்து இழுத்தார். மூன்றாவது பையில் புதுக் குருத்து. பச்சை. இரும்புச் சத்தும் தெளித்திருந்தேன், ஆனால் அதை நான் அவரிடம் சொல்லவில்லை.

பழைய இலைகளை எண்ணி எண்ணி அவர் தடவிக்கொண்டிருந்தார். அவை இனிப் பச்சையாகாது. புதிது வந்தால் போதும் என்றேன்.

நவம்பர் 10, ஞாயிறு

ரபீக் வந்தார். மூன்று வரிசைகளில் காய் உருண்டு நிற்கிறது. முதல் வரிசையில் இப்போதுதான் பூ திரும்பியிருக்கிறது. அவர் நேராக அங்கேதான் போய் நின்றார்.

"இது ஏன் டீச்சர் இப்படி?"

"சுண்ணாம்பு ஏறிடுச்சு. கண்டுபிடிச்சு எறக்கிட்டோம். பதினைஞ்சு நாள்ல பாருங்க." அளவுகளை எல்லாம் காட்டினேன். பறிப்பு அன்றைக்கு வந்து காயைப் பார்த்து முடிவு சொல்கிறேன் என்றார். போகும்போது, "ஸ்கூல்ல உங்கள நிப்பாட்டிட்டாங்கன்னு தம்பி ரொம்ப வருத்தப்பட்டான் டீச்சர். நல்லா நடத்துவீங்களாமே" என்றார்.

நான் அளவு எழுதிய நோட்டை மூடினேன். நங்கையா காப்பித் தட்டோடு பக்கத்தில்தான் நின்றிருந்தார். ரபீக் போனதும் எனக்கு வேறு காப்பி கலந்து தந்தார். அதில் சர்க்கரை ஒரு கரண்டி கூட இருந்தது.

நவம்பர் 26, செவ்வாய்

முதல் பறிப்பு. சிவப்பும் மஞ்சளும் நாலு பிளாஸ்டிக் கிரேட். முதல் வரிசையிலிருந்து காய் இல்லை, ஆனால் பிஞ்சு பிடித்திருக்கிறது. ரபீக் ஒரு காயை ஒடித்து, முகர்ந்து, அங்கேயே நின்று தின்றார். "வாராவாரம் செவ்வாய்க்கிழம வண்டி அனுப்பறேன் டீச்சர். அந்த மொத வரிசையும் சேத்து" என்றார். இவர் அதுவரை தூணைப் பிடித்துக்கொண்டு நின்றவர், "ஷீட்காரனுக்கு வேற வேல இருக்குமாட்ட இருக்குது" என்று யாரையும் பார்க்காமல் சொன்னார்.

கிரேட்களை வாசலில் வண்டியில் ஏற்றியானதும் இவர், "மொத லோடு. வள்ளியம்மாவ ஒரு ஆரத்தி எடுக்கச் சொல்லலாமா?" என்றார்.

"வேண்டாமுங்க. நம்ம ஊட்லயே ஆளிருக்குது."

உள்ளே போய்த் தட்டில் தண்ணீர் விட்டு, மஞ்சளும் சுண்ணாம்பும் நானே கரைத்தேன். வெற்றிலையில் கற்பூரம் வைத்து, நங்கையாவிடம் நீட்டினேன். அவர் இரண்டடி பின்னால் போனார்.

"என்ன அம்மிணி இது, வெளயாட்டா? வீதில சனம் நிக்குது. வள்ளியம்மா நிக்கறா."

"நிக்கட்டுமுங்க. எனக்கு இடம் வலம் தெரியாதுன்னு உங்களுக்குத்தான் தெரியுமே. வண்டிக்காரர் காத்துட்டிருக்காரு."

அவர் தம்பியைப் பார்த்தார். இவர் தொண்டையைக் கனைத்தார். எங்கே தப்பாக ஏதாவது சொல்லிவிடுவாரோ என்று எனக்குப் பக்கென்றது. இவர் பாக்கெட்டிலிருந்து தீப்பெட்டியை எடுத்து, கற்பூரத்தைப் பற்றவைத்து, "சுத்துங்க்கா" என்றார்.

சுற்றினார். முதலில் வண்டிக்கு, பிறகு நான் எதிர்பார்க்காத நேரத்தில் திரும்பி எனக்கு. தட்டில் ஒரு சொட்டுகூடத் தளும்பவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் வள்ளியம்மா வாயில் கை வைத்தபடி நின்றார். வைத்த கையை எடுக்கவே இல்லை.

சுற்றி முடித்ததும் நங்கையா தட்டோடு பழக்கத்தில் படிப்பக்கம் ஓரடி வைத்துவிட்டார்.

"நங்கையா! வாசல்ல!" என்று கத்தினேன்.

சிரித்துவிட்டார். இந்த வீட்டுக்கு வந்தபிறகு அவர் பல் தெரியச் சிரித்து நான் பார்த்தது இன்றைக்குத்தான். வாசலைத் தாண்டி வீதியில் இறங்கி, வண்டிச் சக்கரத்துக்கு முன்னால் நிதானமாக ஊற்றினார்.

வண்டி போன பிறகு மாடிக்குப் போய் அளந்தேன். முதல் வரிசை 6.1. சொல்லலாம் என்று இறங்கி வந்தால் அவர் இன்னும் வாசலில்தான் நின்றிருந்தார். அந்தச் சிவப்பு காயும் வரை உள்ளே வரவில்லை.